ஒன்பதாம் எண் குஞ்சு

எருமப்பட்டியிலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில் என்னை ஏற்றிக்கொள்ள யோசிக்காத கண்டக்டர் எண்பதுகளில் ஒருவர்கூட இல்லை. காரணம், நான் இடுப்பில் குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு ஏறும் அலுமினியக் கேன். மாட்டு ஆஸ்பத்திரியில் காளை விந்தை உறையவைத்திருப்பார்களே, அந்தத் திரவ நைட்ரஜன் கேன். அதை இறுக்கி மூடக்கூடாது, மூடினால் வெடித்துவிடும். அதனால் மூடியோரத்தில் வெண்புகை கசிந்துகொண்டே இருக்கும்.

"உள்ள என்னங்க வெச்சிருக்கீங்க?" என்றார் ஒரு கண்டக்டர்.

"கோழி மண்ணீரலுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொழம்பு வெக்கறதுக்கா இத்தனை பாடு?"

பஸ்ஸே சிரித்தது. எனக்கு மூக்கு நுனியில் கோபம். கைனேஸ் என்றால் என்ன, நோய் எதிர்ப்புச் செல்கள் எப்படி விழிக்கின்றன என்று நின்றபடியே ஒரு பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செரிங்க, கடைசி சீட்டுல போய் உக்காருங்க, பொகை டிரைவரு கண்ண மறைக்காம பாத்துக்குங்க" என்று விசிலை ஊதினார். பஸ் நகர்ந்தது.

அந்த விசிலைத்தான் பிறகு என் மாணவர்களுக்கெல்லாம் உதாரணமாகச் சொன்னேன். இன்ஜின் ஓடுகிறது, டிரைவர் தயாராக இருக்கிறார், ஆனாலும் விசில் வராமல் பஸ் கிளம்பாது. நம் உடம்பின் செல்லுக்குள்ளும் எல்லாம் தயாராகவே இருக்கிறது. கைனேஸ் என்கிற ஒரு வகைப் புரதம், பாஸ்பேட் என்கிற மிகச் சிறிய துணுக்கை எடுத்து இன்னொரு புரதத்தின்மேல் ஒட்டிவிடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. அது ஒட்டியதும் தூங்கிக்கொண்டிருந்த செல் எழுந்து, பெருகி, கிருமியை எதிர்க்கக் கிளம்புகிறது. இத்தனை பெரிய படையெடுப்பு இத்தனை சின்ன ஒட்டலில் தொடங்குகிறது என்பதை முதன்முதலில் படித்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பது வருஷம் அதே வேலையில் இருந்துவிட்டு வந்த பிறகும் அந்த வியப்பு எனக்குத் தீர்ந்தபாடில்லை.

ஆனால் இதெல்லாம் தொடங்கியது புத்தகத்தில் இல்லை, எங்கள் குப்பைமேட்டில்.

எழுபதுகளின் நடுவில் நான் சேலத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ராசிபுரம் பக்கத்துப் பெண். பிறந்த வீட்டிலிருந்து இருபது கோழிகளைக் கூடையில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். புது ஊரில் அவருக்கு முதலில் பழக்கமானவை அந்தக் கோழிகள்தான், நாங்கள் அப்புறம்தான். அந்தக் கோடையில் வெள்ளைக்கழிச்சல் வந்தது. கோழிகள் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு, மூன்றே நாளில் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அண்ணி அவற்றைக் கூடை கூடையாகக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து, கிணற்றடியில் கை கழுவிக்கொண்டே இருந்தார்.

ஒரே ஒரு கருப்புக் கோழி மட்டும் பிழைத்தது. அடுத்த வருஷம் ஊரில் மறுபடி அதே நோய். அக்கம்பக்கத்துக் கோழிகள் எல்லாம் போயின. எங்கள் கருப்பு மட்டும் ஒன்றும் நடவாததுபோல் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. இதற்கு என்ன தெரியும், எங்கே எழுதிவைத்திருக்கிறது என்று நான் அதன் பின்னாலேயே சுற்றினேன். கல்லூரியில் கேட்டால் "எதிர்ப்புச் சக்தி" என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார்கள். பெயர் வைத்துவிட்டால் விளங்கிவிட்டதாக அர்த்தமா? அந்த எரிச்சலில்தான் நான் உயிர்வேதியியல் படிக்கப் போனேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தேன். அதற்குள் நாமக்கல் சுற்றுவட்டாரம் முழுக்கக் கோழிப்பண்ணை ஆகிவிட்டிருந்தது. அண்ணனும் நிலக்கடலைக் காட்டில் நீளமாக ஒரு கொட்டகை போட்டு இரண்டாயிரம் முட்டைக்கோழி வளர்த்தார். பண்ணை அண்ணன் பெயரில் இருந்தாலும் நடத்துவது அண்ணி. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து எங்கள் பக்கமும் கிடைக்க ஆரம்பித்திருந்தது. குஞ்சு வந்த ஏழாம் நாள் விடிந்ததும், ஐஸ் பேக்டரியிலிருந்து வாங்கிய ஐஸில் மருந்துப் புட்டியைப் புதைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்து, தலையைச் சாய்த்து, கண்ணில் ஒரு சொட்டு. குஞ்சு கண்ணை மூடித் திறக்கும்வரை அண்ணி கையை எடுக்கமாட்டார். வெயில் ஏறினால் மருந்து செத்துப்போகும். அதனால் அன்று காலையில் அந்தக் கொட்டகையில் யாரும் காபிகூடக் கேட்கக்கூடாது.

என் ஆய்வுக்கு வேண்டியது இரண்டு வகைக் குஞ்சுகள். சொட்டு மருந்து விட்டவை பன்னிரண்டு, விடாதவை பன்னிரண்டு. மூன்றாம் வாரம் இரண்டு வகையையும் அறுத்து, சுண்டைக்காய் அளவு இருக்கும் மண்ணீரலை எடுத்து, எடுத்த நொடியிலேயே நைட்ரஜனில் போட்டுவிட வேண்டும். செல்லுக்குள் என்ன நடந்துகொண்டிருந்ததோ அது நடந்தபடியே உறைந்துவிடும். பிறகு ஆய்வுக்கூடத்தில் அதன் சாற்றோடு கதிரியக்கப் பாஸ்பேட்டைச் சேர்த்தால், விழித்திருக்கும் கைனேஸ் அதை எடுத்து ஒட்டும். எக்ஸ்ரே பிலிமில் அது கருப்புக் கோடாக விழும். மருந்து விட்ட குஞ்சில் கோடு இருக்கும், விடாத குஞ்சில் இருக்காது என்பது என் கணிப்பு.

அண்ணியிடம் சொன்னேன்: "இந்தப் பன்னிரண்டுக்கும் சொட்டு விடக்கூடாதுங்க அண்ணி."

"உடாம எப்புடி அம்மணி?" என்றார்.

"விடாம இருந்தாத்தான் ஆராய்ச்சிங்க."

அவர் கொட்டகைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "செரி" என்றார்.

நான் அந்தச் 'செரி'யை நம்பினேன். வருஷக்கணக்கில் புரதத்தைப் படித்தவளுக்கு அண்ணியின் முகத்தைப் படிக்கத் தெரியவில்லை. அண்ணன் கிணற்றோரமாகத் தனிப்பட்டி ஒன்று கட்டித் தந்தார். அந்தப் பன்னிரண்டின் காலிலும் எண் போட்ட வளையம் மாட்டிவிட்டு நான் மெட்ராஸுக்கு ரயில் ஏறினேன். மூன்றாம் வாரம் வந்து அறுத்தேன். கேனைத் தூக்கிக்கொண்டு நாமக்கல், அங்கிருந்து ராசிபுரம் வழியாகச் சேலம், சேலத்திலிருந்து பகல் ரயில்.

இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் முதல் பிலிமைக் கழுவிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மருந்துத் தண்ணீருக்குள் வெள்ளையாகக் கிடந்த பிலிமில் மெல்ல மெல்லக் கோடுகள் கிளம்பின. கண்ணால் யாரும் பார்க்க முடியாத ஒன்று, எங்கள் கடலைக் காட்டுக் குஞ்சின் உடம்புக்குள் நடந்த ஒன்று, என் கண்முன்னால் தன்னைத்தானே எழுதிக் காட்டியது. மருந்து விட்ட பன்னிரண்டிலும் கோடு. பார்த்துக்கொண்டே வந்தேன். விடாத பன்னிரண்டிலும் கோடு!

எங்கோ தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். பேராசிரியர் அப்படி நினைக்கவில்லை. எனக்கு வழிகாட்டியான அவர் பிலிமை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "இந்தக் கைனேஸ் யாரும் எழுப்பாமலே விழித்திருக்கிறதம்மா! எல்லாரும் நினைப்பதற்கு நேர் எதிர்." மறுபடி ஒரு தொகுதி செய்துவிட்டால் கட்டுரை எழுதிவிடலாம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் உதவித்தொகை அந்த வருஷக் கடைசியோடு முடிகிறது. கட்டுரை வெளிவந்தால் வெளிநாட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இடம் நிச்சயம். வராவிட்டால் ஊருக்குத் திரும்பி ஏதாவது பள்ளிக்கூடத்தில் உப்புக்கும் அமிலத்துக்கும் சமன்பாடு போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இரண்டாம் தொகுதியும் செய்தேன். விடாத பன்னிரண்டில் பதினொன்றில் கோடு. ஒன்பதாம் எண்ணில் மட்டும் ஒன்றுமில்லை.

"கை தவறியிருக்கும். அந்த ஒன்றை விட்டுவிடு" என்றார் பேராசிரியர்.

கை தவறியிருக்கும் என்று நானும் என்னையே திட்டிக்கொண்டேன். மிச்சமிருந்த திசுவில் மறுபடி செய்து பார்த்தேன். மறுபடியும் ஒன்பது வெறுமை. மூன்றாம் தடவையும் அதேதான். என் நோட்டில் ஒன்பதாம் எண்ணுக்கு நேரே நானே குறித்து வைத்திருந்தேன்: எடை குறைவு, வலது கால் இழுத்து நடக்கிறது. நோஞ்சான் குஞ்சு, அதனால்தான் என்று மனதைச் சமாதானப்படுத்தினேன். அது சமாதானமாகவில்லை. இதற்குள் கட்டுரை டைப் ஆகி, உறையில் போட்டு, முகவரியும் எழுதியாகிவிட்டது. நல்ல படம் ஒன்று வேண்டும், அதற்கு இன்னொரு தொகுதி மட்டும் கொண்டுவந்துவிடு, உடனே அனுப்பிவிடலாம் என்று பேராசிரியர் என்னை ஊருக்கு அனுப்பினார்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் தீவனம் வாங்கத் தம்மம்பட்டிப் பக்கம் போயிருந்தார். அண்ணி கொட்டகையில் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பையிலிருந்து பிலிமை எடுத்து, உங்கள் குஞ்சுகள் என்னை வெளிநாட்டுக்கு அனுப்பப் போகின்றன அண்ணி என்று சொன்னேன். மருந்தே விடாத குஞ்சுக்குள்ளும் எதிர்ப்புச் செல்கள் விழித்தே இருக்கின்றன, இது உலகத்தில் யாருக்கும் தெரியாது என்றேன்.

அண்ணி தொட்டியைக் கீழே வைத்தார்.

"மருந்தே உடாததுக்கா?"

"ஆமாங்க."

"எல்லாத்துக்குமா அம்மணி?"

"ஒன்றைத் தவிர" என்றேன். எது என்று நான் சொல்லவில்லை. பிலிம் என் கையில் சுருட்டியபடியே இருந்தது.

அண்ணியின் முகம் மாறிவிட்டது. முந்தானையில் கையைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். "காலு இழுத்து இழுத்து நடக்குமே, அந்த ஒம்பதாம் நம்பரா?" என்று கேட்டார்.

அந்த எண்ணை நான் பேராசிரியரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன்கூட அறியமாட்டார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தியேவிட்டேன்.

"என்னைய மன்னிச்சுக்க அம்மணி. நான் உட்டேன். ரெண்டு வாட்டியும் உட்டேன். இந்தக் குஞ்சுகளுக்கு உட்டுட்டு, அதே கையோட அங்கயும் போயி எல்லாத்துக்கும் ஒவ்வொரு சொட்டு உட்டுட்டேன். போன வாட்டி அந்த நொண்டி மட்டும் கையில இருந்து நழுவித் தொட்டிக்கடியில பூந்துக்கிச்சு. தொரத்திப் பாத்தேன், சிக்கல. வெயிலு ஏறிருச்சு, மருந்தும் தீந்துபோச்சு. அது ஒன்னுதான் தப்பிச்சுது."

கடலைத் தோல் மூட்டையின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கோபம் வந்திருக்க வேண்டும். என் இரண்டு வருஷ உழைப்பு, கட்டுரை, வெளிநாடு எல்லாம் ஒரு நிமிஷத்தில் கவிழ்ந்து கிடந்தது. மூக்கு நுனியில் கோபத்தை வைத்திருக்கும் நான் அன்று ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டத் தோன்றவே இல்லை. என் நெஞ்சு முழுக்க வேறொன்று நிறைந்திருந்தது.

பிலிமை விரித்து வெயிலில் பிடித்தேன். பதினொரு கோடு, ஒரு வெறுமை. இருநூறு மைலுக்கு அப்பால் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் கழுவிய அந்தத் துண்டுப் பிலிமில், ஒரு விடியற்காலையில் எங்கள் கிணற்றோரப் பட்டியில் என்ன நடந்தது என்பது ஒன்றுவிடாமல் எழுதியிருந்தது. அண்ணி எதன் கண்ணில் சொட்டு விட்டார், எது நழுவி ஓடியது என்பதுகூட. அண்ணி என்னிடம் மறைத்தார். நான் என் ஆசைக்காக என்னிடமே மறைத்தேன். பேராசிரியர் விட்டுவிடு என்றார். சுண்டைக்காய் அளவு மண்ணீரல்கள் மட்டும் யாருக்காகவும் மாற்றிப் பேசவில்லை. கண்ணில் விழுந்த ஒரு சொட்டு, உடம்பு முழுக்கப் போய், எங்கோ உள்ளே ஒளிந்திருக்கும் மண்ணீரலின் செல்லைத் தட்டி எழுப்பி, அந்தச் செல்லுக்குள் ஒரு பாஸ்பேட்டை ஒட்டவைத்திருக்கிறது! எங்கள் கருப்புக் கோழிக்குள் நான் தேடிய எழுத்து இதுதான், அதைத் தேடத் தொடங்கிய வீட்டிலேயே அது என் கைக்கு வந்திருக்கிறது என்று அப்போது தோன்றியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணி பயந்துவிட்டார். "அழுவாத சாமி. உன்ற படிப்பக் கெடுத்துப்புட்டேன்."

"எப்படியும் நான்தானே அண்ணி மூணாம் வாரத்துல அறுக்கப்போறேன்? அதுக்கு எதுக்கு மருந்து?" என்று கேட்டேன்.

"நீ அறுக்கறது உனக்கு வேணுமுன்னு அறுக்கற. அது உன்ற கை. நோவு வந்து கழுத்து முறுக்கிக்கிட்டுச் சாவ உட்டா, அது என்ற கை" என்றார். "கிணத்தடியில பன்னண்டுக்கு வந்தா, இந்த ரெண்டாயிரத்துக்கும் வந்துருமே. அன்னைக்கு நான் பொதச்சதே போதும்" என்றார்.

இந்த வட்டாரத்தில் கோழி வளர்க்கும் யாராக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்கள் என்பது, இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் தப்பு என்னுடையது.

மெட்ராஸுக்கு வெறுங்கேனோடு திரும்பினேன். பேராசிரியர் கேட்டுவிட்டு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். கோழிப்பண்ணைக்காரியின் பேச்சைக் கேட்டுக்கொண்டு கட்டுரையை நிறுத்துவதா என்றார். நான் ஒன்பதாம் எண்ணைக் காட்டி, "அவங்க பிலிமைப் பார்க்காமலே இந்த நம்பரைச் சொன்னாங்க சார்" என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு முகவரி எழுதிய உறையைத் தானே எடுத்து இரண்டாகக் கிழித்தார். நல்ல மனிதர். என் உதவித்தொகை முடிந்த பிறகும் ஆய்வுக்கூடச் சாவி என்னிடமே இருக்கட்டும் என்றார்.

மருந்து விடாத குஞ்சுகளுக்கு வழி கண்டுபிடித்தது அண்ணிதான். ராசிபுரம் பக்கத்தில் அவர் பிறந்த வீட்டில், இருந்த கோழிகளை அவர் கொண்டுவந்துவிட்ட பிறகு, கோழியே கிடையாது, அக்கம்பக்கத்திலும் கிடையாது. எல்லாரும் தறி நெய்பவர்கள். பன்னிரண்டு குஞ்சுகளை அங்கே கொண்டுபோய் வைத்தார். வாரம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்து, திரும்பி வந்ததும் குளித்து, சேலை மாற்றிக்கொண்டுதான் பண்ணைக்குள் நுழைந்தார். எனக்குக் கார்டு வரும். ஒவ்வொன்றிலும் அதே இரண்டு வரி: "குஞ்சு பன்னிரண்டும் சுகம். சொட்டு விடவில்லை, சாமி சத்தியம்." அந்த இரண்டாம் வரியை எழுத அவருக்கு எத்தனை கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பன்னிரண்டின் பிலிமில் ஒரு கோடும் இல்லை. விட்டவற்றில் பன்னிரண்டிலும் இருந்தது. உலகத்தைப் புரட்டிப்போடும் கட்டுரை அல்ல, ஆனால் உண்மை. பட்டமும் வந்தது, பிறகு வேலையும் வந்தது.

பட்டம் வாங்கிய கையோடு பிலிம்களை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். புதியதை அண்ணியிடம் கொடுத்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"ஒன்னுமே இல்லையே அம்மணி?"

"ஒன்னுமே இருக்கக்கூடாதுங்க அண்ணி. உங்க சத்தியந்தான் அது."

சிரித்தார். பிறகு பழைய பிலிமைக் கேட்டு வாங்கினார். கோடுகளின்மேல் விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போய், ஒன்பதாம் இடத்து வெறுமையில் விரலை நிறுத்தினார்.

"பாவம், இது ஒன்னுக்கு உடாமப் போயிட்டேன்" என்றார். "இன்னுங் கொஞ்சம் தொரத்தியிருந்தாப் புடிச்சிருப்பேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஒன்றையும் அவர் பிடித்திருந்தால் நான் ஒரு பொய்யைச் சொல்லிப் பேர் வாங்கியிருப்பேன், அது பொய் என்பது எனக்கே தெரிந்திருக்காது.